பொருள்: மறு: ஸ்ப்ரெடிங் ஒலிகீமியா – தமிழில்?

வணக்கம்.

> ஸ்ப்ரெடிங் ஒலிகீமியா = பரவு குருதிக்குறை

ஒற்றைத் தலைவலியில் மூளையின் இரத்த ஓட்டம் குறைந்து, அந்தக் குறைவு மெல்ல நகர்வதையே ஸ்ப்ரெடிங் ஒலிகீமியா என்கிறார்கள். அதற்கு நீங்கள் தந்த இந்தச் சொல்லின் இரண்டு பாதியிலும் எனக்குத் தடை உண்டு.

'குருதிக்குறை' என்றதும் இரத்தசோகைதான் நினைவுக்கு வரும். இங்கே குறைவது மூளையின் மேலடுக்கான புறணிக்குள் பாயும் இரத்த ஓட்டம். 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. பாய வேண்டும். ஆராவுடன் (பெரும்பாலும் வலிக்கு முன் தோன்றும் பார்வைக் கோளாறு போன்ற அறிகுறிகளுடன்) வரும் ஒற்றைத் தலைவலியில் அது பெரும்பாலும் 20–30 விழுக்காடு இறங்கி, 35–40 மி.லி. ஆகிறது. சுமார் 20க்குக் கீழே போனால்தான் நரம்பணுக்களின் மின்செயல் நிற்கத் தொடங்கும், அது இஸ்கீமியா. அதைக் 'குருதியூட்டக் குறை' என்கிறோம். இதற்கும் 'குறை' போட்டால், நோயாளி பக்கவாதம் என்று பயந்துவிடுவார். 'ஓட்டத்தாழ்வு' போதும்.

அடுத்து 'பரவு'. காய்ச்சல் பரவும், வதந்தி பரவும். இரண்டும் இடம்விட்டு இடம் தாவும். இது தாவாது. 1981இல் கோபன்ஹேகனில் ஓலெசன் குழுவினர் கழுத்துத் தமனியில் செனான்-133 என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி ஓட்டத்தை அளந்தபோது, தாழ்வு மூளையின் பின்பகுதியில் தொடங்கி, நிமிடத்துக்கு 2–3 மி.மீ. வீதம் ஒட்டியபடியே முன்னால் நகர்ந்தது. பின்பெருமூளைத் தமனியின் எல்லையையும் கடந்தது. ஒரு குழாய் சுருங்கியதால் வந்தது என்றால் அந்த எல்லையிலேயே நின்றிருக்கும். தோலில் படர்தாமரை விளிம்பு விளிம்பாக அகல்வதைப் பார்த்தவருக்கு இந்த நகர்வைச் சொல்ல 'படர்' தவிர வேறு வினை தோன்றாது.

> படர் ஓட்டத்தாழ்வு

இடம் விட்டே எழுத வேண்டும். 'படரோட்டத்தாழ்வு' என்று சேர்த்தால், ஓட்டம் படர்வதாகப் பிரியும். 1944இல் ஆய்வாளர் லியாவோ முயல் மூளையில் கண்ட ஸ்ப்ரெடிங் டிப்ரெஷனுக்கும் (புறணியில் நரம்பணுக்களின் மின்செயல் அலைபோல் அடங்கிச் செல்வது) இதே அடியில் 'படர் ஒடுக்கம்' எனலாம். மனச்சோர்வு என்ற பொருள் அதில் ஒட்டாது.

---

ஐயா, 'படர்' எனக்கும் சம்மதம். ஆனால் சொல்லோடு வரையறையும் போகாவிட்டால், கையேடுகளில் "ஓட்டத்தாழ்வால் வலி" என்று எழுதிவிடுவார்கள். ஓட்டம் தாழ்ந்திருக்கும்போதே வலி தொடங்குகிறது. பிறகு ஓட்டம் இயல்பைவிட ஏறுகிறது, வலி போன பின்னும் அந்த ஏற்றம் நீடிப்பதுண்டு. இரண்டும் வலியோடு நேரம் பொருந்துவதில்லை. ஆரா இல்லாத வகையில் இந்தப் படர்வு பொதுவாகத் தெரிவதும் இல்லை. ஆகவே பதிவு இப்படி இருக்கட்டும்:

படர் ஓட்டத்தாழ்வு: ஆராவுடன் வரும் ஒற்றைத் தலைவலியில், புறணியில் படர் ஒடுக்கத்தைத் தொடர்ந்து, தமனி எல்லைகளுக்குக் கட்டுப்படாமல் மெல்ல நகரும் குருதியோட்ட இறக்கம்.