கணையப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பயன் தருமா?

கேள்வி: என் தந்தையாரின் கணையக் கட்டி இரத்தக்குழாய்களைச் சூழ்ந்திருப்பதால் இப்போது அறுவை சிகிச்சை இயலாது என்றும், நான்கு மாத கீமோதெரபிக்குப் பின் கதிர்வீச்சைப் பற்றி முடிவெடுக்கலாம் என்றும் மருத்துவர் கூறுகிறார். அது ஆயுளை நீட்டிக்குமா?

மறுமொழி 1: இதே நிலையிலிருந்தோரை ஆராய்ந்து 2016-இல் வெளியான எல்ஏபி07 ஆய்வில், கீமோவை மட்டும் தொடர்ந்தோரின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் வாழ்ந்து கடந்த காலம்) 16.5 மாதங்களாகவும், 54 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கதிர்வீச்சும் பெற்றோருக்கு 15.2 மாதங்களாகவும் இருந்தது, ஆயுள் நீளவில்லை. ஆயினும், கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்ந்தோர் 46 விழுக்காட்டிலிருந்து 32 ஆகக் குறைந்தனர். என் பார்வையில் இது சிறிய ஆறுதலன்று.

மறுமொழி 2: அறுவைக்கு வாய்ப்புள்ளோரின் நிலை வேறு. நெதர்லாந்தின் பிரியோபாங்க் ஆய்வில், அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றோரில் 20.5 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகள் வாழ்ந்தனர். நேரே அறுவைக்குச் சென்றோரில் 6.5 விழுக்காட்டினரே. ஆகவே, கீமோ முடிந்ததும் ஸ்கேனைப் பார்த்து, அறுவைக்கு வழி பிறந்துள்ளதா என்று அறுவை மருத்துவரிடமும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. அவ்வாறே கேட்கிறேன்.