நாயகி பாதிக் கதையில் வில்லியாகத் தெரிகிறாள்: எங்கே சரிசெய்வது?

மைக்கூடு:
13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கான மிகுபுனைவு நாவல், முதல் வரைவு முடிந்துவிட்டது. 32 அத்தியாயம், 58,000 சொல். மழையைக் கட்டியாளும் ஒரு குடி. தலைமைக்கு அடையாளம் ஒரு செப்பு முத்திரை மோதிரம். அது மூத்தவன் என்பதால் அண்ணனுக்குப் போகிறது. 16 வயதுத் தங்கைக்குத்தான் திறமை அதிகம், ஆசையும் அதிகம். 18ஆம் அத்தியாயத்தில் அவனைப் பகைவரிடம் காட்டிக்கொடுக்கிறாள். படித்துப் பார்த்த மூன்று பேருமே அதற்குப் பிறகு அவளோடு ஒட்ட முடியவில்லை என்கிறார்கள். ஆசையைக் குறைத்தால் கதை சப்பென்று ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஓலைநறுக்கு:
ஆசையைக் குறைக்காதீர்கள். பழுது 18இல் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. முதல் 40 பக்கத்துக்குள் ஒரு காட்சி வேண்டும்: அண்ணன் மழையைத் தவறவிடுகிறான், இவள் சரிசெய்கிறாள், பெயர் அவனுக்குப் போகிறது. இவள் மனத்துக்குள் புலம்பக் கூடாது. அடுத்த நாளும் அவனுக்காக அதையே செய்ய வேண்டும். பாசமும் ஏக்கமும் ஒரே செயலில் தெரிந்துவிடும்.

பிறகு துரோகத்தை மூன்று படியாக உடையுங்கள். 9இல் அவனைக் காப்பாற்ற ஒரு செய்தியை மறைக்கிறாள். 13இல் அவன் தூங்கும்போது மோதிரத்தை எடுத்து ஓர் ஆணைக்கு முத்திரை வைக்கிறாள். ஓர் ஊர் பிழைக்கிறது. 18இல் பகைவன் அந்த ஆணையைக் காட்டி மிரட்டுகிறான். முதல் இரண்டு படியிலும் வாசகர் அவள் பக்கம் நின்றிருப்பார், மூன்றாவதில் திடீரென்று விலக முடியாது.

திருப்பத்துக்காக அவள் திட்டத்தை வாசகரிடம் மறைத்திருக்கிறீர்களா? அவள் கண் வழியாகவே கதை போகும்போது அது ஏமாற்று வேலையாகத்தான் படும். காரணம் முதலில் வரட்டும், செயல் பிறகு.

13ஆம் அத்தியாயத்தை நின்று நிதானமாக எழுதுங்கள். விளக்கில் அரக்கு உருகுகிறது. மோதிரம் அவள் விரலுக்குப் பெரிது, நூல் சுற்றிப் போட்டுக்கொள்கிறாள். திருப்பி வைக்கும்போது ஓர் இழை உள்பக்கம் சிக்கிக்கொள்கிறது. காலையில் அண்ணன் அதைப் பார்க்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. விசுவாசம் இரண்டு பக்கமும் இருந்தால்தான் துரோகம் வலிக்கும்.

ஏரிமதகு:
நம் மொழியிலேயே இதற்கு ஒரு சொல் இருக்கிறது: பங்காளி. பங்குக்கு உரியவன்தான் உறவு, அவனேதான் போட்டி. புறநானூற்றின் 45ஆம் பாட்டை ஒருமுறை படியுங்கள். இருவருமே சோழர்: உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி அடைத்துக் கிடக்கிறான். புலவர் கோவூர்கிழார் இருவரையும் பார்த்து, எதிரில் நிற்பவன் சூடியது சேரரின் பனம்பூவும் இல்லை, பாண்டியரின் வேம்பும் இல்லை, இருவர் தலைமாலையும் சோழரின் ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். அதே நூலின் 213ஆம் பாட்டில், மகன்கள்மேல் படையெடுக்கும் கோப்பெருஞ்சோழனிடம் புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் கேட்பது இன்னும் கூர்மை: வென்றால் நாட்டை யாருக்கு விட்டுப்போவாய்? தோற்றால் சிரிக்கப்போவது உன் பகைவர் அல்லவா? உங்கள் குடியில் இப்படிக் கேட்க ஒரு கிழவி இருக்கட்டும்.

தண்டனை யார்மேல் விழும் என்பதையும் 3ஆம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு: ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தோடு உறவினர் சொத்தும் பறிபோகிறது, அவர்கள் உடன்பிறந்த பெண்களை மணந்தவர்களின் சொத்து உட்பட. இப்படி ஒரு சட்டம் உங்கள் உலகில் இருந்தால், 18இல் அவள் பணயம் வைப்பது அண்ணனை மட்டுமல்ல, அத்தை வீட்டு நிலத்தையும்தான்.

கரிக்கோடு:
நீளம் பற்றி ஒன்று. தமிழில் உருபுகள் ஒட்டி வருவதால் ஒரே கதை ஆங்கிலத்தைவிடக் குறைந்த சொற்களில் முடிந்துவிடும்; ஆங்கில நாவல் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். 50,000 போதும். குடி வரலாறு சொல்லும் அத்தியாயங்களில்தான் கத்தரி வையுங்கள்.

உரையாடலில் விளியைக் கவனியுங்கள். வீட்டில் "அண்ணா, நீ", அவையில் "நீங்கள்". துரோகம் தெரிந்த பிறகு அண்ணன் தங்கையை முதன்முறையாக "நீங்கள்" என்று அழைத்தால் வேறு வசனமே தேவையில்லை.

மைக்கூடு:
மூன்று படியையும் வைத்துக்கொள்கிறேன், சட்டம் 3க்குப் போகிறது. அண்ணன் இழையைப் பார்த்ததைக் காட்ட, அவன் பார்வையில் ஓர் அத்தியாயம் எழுதலாமா?

ஓலைநறுக்கு:
வேண்டாம். ஒரே ஓர் அத்தியாயத்துக்குப் பார்வை மாறினால் ஒட்டுப்போட்டது தெரியும். அவள் கண்ணிலேயே காட்டலாம்: காலைக் கஞ்சி குடிக்கும்போது அவன் அந்த இழையை அவள் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போகிறான்.