சூபாக்கா இறந்தது கணக்கில் வருமா?

ஸ்டார் வார்ஸ் நாவல்களைப் பற்றி நானும் என் நண்பனும் பேச ஆரம்பித்தால், எங்கே தொடங்கினாலும், விண்கப்பல் ஓட்டுகிற ஹானின் உயிர்த்துணையான, உடம்பெல்லாம் ரோமம் கொண்ட சூபாக்காவின் சாவில்தான் வந்து நிற்போம். 1999இல் வெளிவந்த 'வெக்டர் பிரைம்' நாவலில் வருவது அது. ஒரு கோளின் மேல் அதன் நிலவே இறங்கிக்கொண்டிருக்கிறது, ஹானின் இளைய மகன் அனாகினைத் தூக்கிக் கப்பலுக்குள் எறிந்துவிட்டு சூபாக்கா கீழேயே நின்றுவிடுகிறது. திரும்பிப்போக நேரமில்லை என்று தெரிந்து கப்பலை மேலே கிளப்புகிறவனும் அந்தப் பையன்தான். விழப்போகிற நிலவைப் பார்த்துக் கைகளை உயர்த்தி உறுமுகிற சூபாக்கா, அதுதான் நாம் கடைசியாகப் பார்ப்பது. எத்தனை தடவை படித்தாலும் அந்தப் பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதற்கப்புறம் ஹான் மகன் மேலேயே பழியைப் போடுகிறான் இல்லையா, சண்டையே அங்கேதான். "அது ஹானே இல்லை, படத்துல பார்த்த ஆளு பெத்த பிள்ளைகிட்ட அப்படிப் பேசமாட்டான்" என்பது நண்பனின் கட்சி. எனக்கோ அங்கேதான் ஹான் முழுசாகத் தெரிகிறான். எந்த இக்கட்டிலிருந்தும் எப்படியாவது தப்பித்தே பழகியவன், முதல் முறையாகத் தப்பிக்க முடியாத ஒன்றைச் சந்திக்கும்போது கிட்டத்தில் இருக்கிறவர்கள் மேல்தானே பாய்வான்?

2014இல் ஸ்டார் வார்ஸ் படங்களை எடுக்கிற லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், அந்தப் பழைய நாவல்களையெல்லாம் இனி அதிகாரபூர்வக் கதையில் சேராது என்று 'லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் தனியாகப் பிரித்து வைத்ததும் நண்பனுக்கு வசதியாகப் போய்விட்டது. "நடக்கவே நடக்காத ஒண்ணுக்கு ஏன் விளக்கம் சொல்லிட்டிருக்க?" என்றான். அடுத்த வருஷம் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் சூபாக்கா உயிரோடு இருந்தது, ஹான் சொந்த மகன் கையாலேயே செத்தான். படம் முடிந்து வெளியே வரும்போது நாங்கள் ரெண்டு பேருமே பேசவில்லை. அந்த அப்பன் மகன் காயம் நாவலிலிருந்து கிளம்பி வந்த மாதிரியே எனக்கு இருந்தது. எழுதியவர்கள் அப்படி நினைத்தார்களா இல்லையா என்பது வேறு விஷயம், படித்தவன் மனசில் ரெண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

2016இல் ஸ்டார் வார்ஸ் கார்ட்டூன் தொடரான 'ரெபல்ஸ்'இல், பழைய நாவல்களின் வில்லன் த்ரான் வந்தபோது துள்ளிக் குதித்தவனும் இதே நண்பன்தான். 1991இல் நாவலில் பிறந்த ஆளாயிற்றே, அவன் மட்டும் எப்படிக் கணக்கில் வருவான் என்று விடாமல் பிடித்துக்கொண்டேன். திரையில் வந்த த்ரான் புது ஆள், பழைய நாவலில் அவன் செய்ததெல்லாம் கூடவே வராது என்றான். யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது, ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டால் அதன் முழு வரலாற்றையும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

போன மாதம் ஹான் மகன் மேல் பழி போடுகிற அந்த அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு ராத்திரி கூப்பிட்டான். "ஹான் பேசினது தப்பு. ஆனா அப்படிப் பேசியிருப்பான்" என்றான். அது நடந்தது என்று மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.