ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குப் போன கண்டுபிடிப்புகள், நல்ல உதாரணம் இருக்கா?

தலவாக்கலை_டியூஷன்:
உயர்தரப் பொருளியல் வகுப்பு எடுக்கிறேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் புதுப் பொருள் பணக்கார நாட்டில் பிறந்து, பழசாகி, விலை குறைந்து நம்ம பக்கம் வருகிறது என்றுதான் இருக்கு. எதிர்த்திசையில் போனதற்கு என்னிடம் இருப்பது ஜிஇ கம்பனி பெங்களூரில் செய்த சின்ன ஈசிஜி மெஷின் ஒன்றுதான். பஸ் டிக்கட் அடிக்கிற மாதிரிப் பிரிண்டரைப் போட்டு, பற்றரியில் ஓடுகிற மாதிரி 2007இல் கொண்டுவந்தார்கள், பிறகு ஜெர்மனியில் தனியாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர்களும் வாங்கினார்கள். ஆனால் பிள்ளைகள் விடுவதில்லை, "அதுவும் அமெரிக்கக் கம்பனிதானே சேர்" என்கிறார்கள். கம்பனி இல்லாமல் போனது ஏதாவது? மலிவு என்பதைத் தவிர வேறு காரணமும் இருந்தால் சொல்லுங்கள்.

வார்டு_அக்கா:
சேர், ஜீவனி இருக்கே! லயத்தில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் பக்கட்டைக் கரைத்து கரண்டி கரண்டியாகக் கொடுப்போமே, அது டாக்காவிலும் கல்கத்தாவிலும் வளர்ந்த வைத்தியம். குளுக்கோஸ் கூட இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும், அவ்வளவுதான் சூட்சுமம். 1971இல் வங்கதேச அகதி முகாமில் கொலரா பரவி சேலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலிப் மஹலநாபிஸ் இந்தக் கரைசலை ட்ரம்மில் கலக்கி, உறவினர்களையே கொடுக்க வைத்தார், 100 பேருக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4க்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு அமெரிக்காவிலும் குழந்தை வைத்தியர்கள் பரிந்துரைப்பது இதைத்தான், ஆனாலும் அங்கே பல ஆஸ்பத்திரிகளில் கை இன்னும் சேலைன் ஊசிக்குத்தான் போகுமாம்.

இன்னொன்றும் இருக்கு. குறைமாதப் பிள்ளையை அம்மாவின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிடுவது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்கியுபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் ரெண்டு மூன்று பிள்ளைகளைப் போட வேண்டி வந்ததால் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. இப்போது இன்கியுபேட்டர் தாராளமாக இருக்கிற சுவீடனிலும் செய்கிறார்கள். பிள்ளையின் சூடு இறங்காது, பால் குடிப்பதும் கூடும். மலிவு என்று யாரும் அங்கே செய்யவில்லை சேர்.

பண்டாரவளையான்:
நான் இப்போது ருமேனியாவில் வேலை, அதனால் தோற்றுப்போன கதை ஒன்றைச் சொல்கிறேன், அதையும் வகுப்பில் சொல்லுங்கள். கென்யாவில் 2007இல் வந்த எம்பெசா தெரியும்தானே, ஃபோனிலேயே காசு அனுப்பி மூலைக்கடையில் மாற்றிக்கொள்வது, நம்ம ஈசி கேஷ் மாதிரி. வோடஃபோன் அதை 2014இல் ருமேனியாவுக்குக் கொண்டுவந்தது. இங்கே லட்சக்கணக்கான ஆட்கள் காசைக் கையில்தான் வைத்திருக்கிறார்கள், அப்போ ஓடும் என்று கணக்குப் போட்டார்கள். 2017இல் மூடிவிட்டார்கள். கென்யாவில் அப்போது ஊருக்குக் காசு அனுப்ப பஸ்காரரிடம் கொடுத்துவிடுவதை விட்டால் வழி இல்லாதவர்கள் ஏராளமாக இருந்தார்கள். இங்கே அப்படி இல்லை, தெருவுக்குத் தெரு பாங்க் இருக்கு, நாங்களே வேலைக்கு வந்ததும் கார்ட் கொடுத்துவிட்டார்கள். ஒரு சாமான் ஏழை நாட்டில் எந்தக் குறையை அடைத்ததோ, அதே குறை போகிற இடத்திலும் இருக்க வேணும். அந்த ஜெர்மன் டாக்டருக்குப் பெரிய மெஷின் வாங்கக் காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை, அதனால் ஈசிஜி போனது.

ஹட்டன்_கடை:
எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். ஷாம்பூ பக்கட்டை விட்டுவிட்டீர்களே. கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் மாதிரி ஆட்கள் தொடங்கி வைத்தது, பிறகு பெரிய கம்பனிகள் எல்லாம் பிடித்துக்கொண்டன. முன்பு எங்கள் கடையில் தலைக்கு மேலே சரம் சரமாகத் தொங்கும், சம்பள நாளில் போத்தல் கேட்கிற ஆளே மாதக் கடைசியில் ஒன்று கிழித்துத் தா என்பார். ஐரோப்பாவில் நெருக்கடி வந்தபோது யூனிலீவர் ஸ்பெயினில் ஐந்து தடவை துவைக்கிற அளவுக்குச் சவர்க்காரத்தூள் பக்கட் விற்றது, 2012இல் அவர்களே ஆசியாவில் படித்த பாடம் என்று சொன்னார்கள். அதைக் கண்டுபிடிப்பு போனது என்பீர்களா, வறுமை போனது என்பீர்களா? எண்ணிப் பார்த்தால் பக்கட் விலையில் போத்தலை விட மலிவு என்றும் எப்போதும் சொல்ல முடியாது. இங்கே இலங்கையில் 2021இல் 20 மில்லிக்கு உட்பட்ட பக்கட்டுகளைத் தடை செய்தார்கள், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. ஓடையெல்லாம் அடைத்துக் கிடந்ததைப் பார்த்தவனுக்கு அது சரி என்றுதான் படும், ஆனால் அன்றன்றைக்குக் காசு எண்ணுகிறவருக்கு வேறு என்ன வழி என்று யாரும் சொல்லவில்லை.

தலவாக்கலை_டியூஷன்:
அண்ணே, ஸ்பெயின் கதையை ஜீவனிக்குப் பக்கத்தில் வைத்து இது ரெண்டும் ஒன்றா என்று பிள்ளைகளிடமே கேட்கப்போகிறேன். அக்கா, ஜீவனி பக்கட் ஒன்று வகுப்புக்குக் கொண்டுபோகிறேன், பின்பக்கத்தில் உப்பு அளவு தமிழில் இருக்கா?

வார்டு_அக்கா:
வாங்கிப் பாருங்கள் சேர், கம்பனிக்குக் கம்பனி மாறும். கரைத்துக் காட்டினால் 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேணும், மிச்சத்தை வைத்து அடுத்த நாள் வகுப்பில் கொடுத்துவிடாதீர்கள்.