பாட்டி கொண்டுவந்த அழைப்பிதழ்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில், மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, குடியுரிமை தொடர்பான பாரங்களை நிரப்பித் தருவதில் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். அங்கே சந்தித்த ஒரு பாட்டியைப் பற்றி எழுதுகிறேன். யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய பேரனுக்கு 12 வயது நிறைந்திருந்தது. உடன் படிப்பவர்கள் எல்லாரும் மைகாட் என்னும் அடையாள அட்டையை எடுத்துவிட்டார்கள். இவன் மட்டும் வெறுங்கையோடு திரும்பியிருந்தான். பாட்டி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்: மூலைகளில் மஞ்சள் தடவிய திருமண அழைப்பிதழ், கோயில் ரசீது, தாலி கட்டும்போது எடுத்த படம், பேரனின் ஜாதகம். ஜாதகத்தில் பிறந்த நேரம் நிமிடம் பிசகாமல் இருந்தது. நட்சத்திரமும் பாதமும் இருந்தன. கடைசியாக வந்த பிறப்புப் பத்திரத்திலோ, குடியுரிமைக்கு நேராக ‘புக்கான் வார்கானெகாரா’, அதாவது குடிமகன் அல்லன், என்று அச்சிட்டிருந்தது.

மகன் இந்நாட்டுக் குடிமகன். மருமகள் தமிழ்நாட்டுப் பெண். ஆடி பிறப்பதற்குள் தாலி ஏறாவிட்டால் பிறகு நெடுநாள் தள்ளிப்போகும் என்று ஜோதிடர் சொல்லிவிட, இரண்டே வாரத்தில் திருமணம் நடந்துவிட்டது. பதிவுத் திருமணத்துக்கோ வழக்கமாக 21 நாள் அறிவிப்பு வேண்டும். வெளிநாட்டுப் பெண் என்றால் மணமாகாதவர் என்ற சான்றும் வர வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், பார்த்துக்கொண்டபோது பையனுக்கு மூன்று வயது. அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி மேலும் ஒன்பது ஆண்டுகளைக் கழித்திருக்கிறார்கள். பெற்றோர் சட்டப்படி மணமுடிக்காத நிலையில் பிறக்கும் பிள்ளைக்கு நம் அரசியலமைப்பு தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. தகப்பன் குடிமகன் என்பது அங்கே செல்லுபடியாவதில்லை. பின்னால் பதிந்தாலும் பிறந்த அன்றிருந்த நிலை தானாக மாறிவிடாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் நான் விளக்கி முடித்த பிறகு பாட்டி ஒன்றே ஒன்று கேட்டார். “ஊரே பாக்கத் தாலி கட்டுனான் தம்பி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

எங்களோடு உதவிக்கு வரும் இளைஞர்கள் இதை அறியாமை என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டிக்குத் திருமணமானது அறுபதுகளில், ஒரு தோட்டத்துக் கோயிலில், கிராணியும் (எழுத்தர்) கங்காணியும் (மேற்பார்வையாளர்) முன்னிற்க. அந்தத் திருமணத்தை இன்றுவரை எந்த அலுவலகமும் கேள்வி கேட்டதில்லை. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது, அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களைப் பதிவானவையாகவே ஏற்றுக்கொண்டது. ஆக, தாலியே சாட்சி என்ற நம்பிக்கை அவர் காலத்தில் சட்டத்துக்கும் உகந்ததாகவே இருந்தது. அதன்பிறகு பதிவு கட்டாயம் என்று சட்டம் மாறியதை, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போய் யார் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பிறை, புக்கிட் மெர்தாஜம் ஆகிய ஊர்களுக்கு அடுக்குமாடி வீடு தேடி வந்தபோது, சாமி படத்தோடு அந்த நம்பிக்கையையும் எடுத்து வந்தார்கள்.

படித்தவர்கள் வீட்டிலும் இது போய்விடவில்லை. என் தங்கைக்குப் பதிவுத் திருமணம் ஜனவரியில், கோயில் திருமணம் ஜூனில். இடைப்பட்ட ஐந்து மாதமும் சட்டப்படி மருமகனாகிவிட்டவரை அம்மா இரவு எட்டு மணிக்குமேல் எங்கள் வீட்டில் உட்காரவிட்டதில்லை. இன்று பல கோயில்களில் பதிவுச் சான்றிதழைக் காட்டினால்தான் மண்டபத்துக்கு நாள் குறிக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்தப் பிரசாரத்தையும்விட இந்த ஒரு விதி அதிகம் சாதித்திருக்கிறது.

ஆனால், அந்தக் குடும்பத்தை ஒன்பது ஆண்டுகள் முடக்கிப் போட்டது நம்பிக்கை மட்டுமன்று. பையனின் அத்தை ஓர் அலுவலகத்தில் கிராணியாக இருப்பவர். பிறப்புப் பத்திரத்தைக் கண்டவுடனே அவருக்கு விவரம் புரிந்துவிட்டது. விண்ணப்பம் என்று இறங்கினால் முறைதவறிப் பிறந்த பிள்ளை என்ற சொல்லை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும், அண்ணி மனம் உடைந்துபோவார் என்று அஞ்சி அவர் பேசாமல் இருந்துவிட்டார். அத்தனை பேரும் அன்பினால்தான் மௌனமாக இருந்தார்கள் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பையன் இவை எதுவும் காதில் விழாதவன்போல, அழைப்பிதழிலிருந்த பிள்ளையார் படத்தின்மேல் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

பாரங்களை நிரப்ப மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அவற்றைப் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளைப் பாட்டியே குறித்தார்: செவ்வாய் ஆகாது, சனி வேண்டாம், வியாழன் குருவுக்கு உகந்தது. நான் மறுக்கவில்லை. காலை ஒன்பதுக்கே போய் எண் எடுத்தும், எங்களை அழைத்தபோது மணி 1.40. வியாழக்கிழமைகளில் ராகுகாலம் 1.30 முதல் 3 வரை என்பது எனக்கே தெரியும். பாட்டி சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் எழுவதற்கு முன்பே முகப்பை நோக்கி நடந்தார்.