ஜூலையில் அம்மா அப்பாவை ஐரோப்பா சுற்றிக் காட்டப் போகிறீர்களா? வெயிலைப் பற்றிக் கொஞ்சம்

ஜூலையில் பெற்றோர் வருகிறார்கள், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஸ்விட்சர்லாந்து போகிறோம், என்ன துணி கொண்டுவரச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். துணிக்கு அப்புறம் வருகிறேன். "சென்னை வெயிலையே பார்த்தவர்கள், இந்த ஊர் வெயில் என்ன செய்துவிடும்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பாரிஸில் ஜூலை மாதப் பகல் வழக்கமாக 25, 26 டிகிரிதான், இதமாக இருக்கும். ஆனால் அது சராசரிக் கணக்கு. 2019 ஜூலை 25 அன்று இதே பாரிஸில் 42.6 டிகிரி அடித்தது. 2022 ஜூலையில் இங்கிலாந்திலேயே 40-ஐத் தாண்டியது. 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் வெப்ப அலைக்குச் சுமார் 15,000 பேர் பலியானார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காரணம் வெயில் மட்டும் இல்லை, வீடும்தான். இங்கே பல வீடுகள் குளிர்காலத்தை மனதில் வைத்துக் கட்டியவை. சீலிங் ஃபேன் கிடையாது, ஏசி உள்ள வீடு குறைவு. பாரிஸின் பழைய கட்டடங்களில் துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைக்கு நேர் கீழே இருக்கும் அறை ராத்திரி 12 மணிக்கும் தணியாது. தங்க இடம் பிடிக்கும்போது எந்த மாடி, லிஃப்ட் உண்டா, ஏசி உண்டா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

காற்று வரட்டும் என்று பகலில் ஜன்னலைத் திறந்து வைப்பது நம் வழக்கம். வெப்ப அலை நாளில் அது வேண்டாம். காலையிலேயே ஜன்னலின் வெளிப்பக்கப் பலகைக் கதவுகளையும் கண்ணாடியையும் சாத்திவிடுங்கள். வெளியே சூடு இறங்கிய பிறகு இரண்டு பக்கமும் திறந்துவிட்டால் வீடு மூச்சு விடும். டேபிள் ஃபேன் ஒன்றை ஜூன் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு கடையில் கிடைப்பது கஷ்டம். பிரான்ஸின் வானிலைத் துறையான மெத்தியோ பிரான்ஸின் எச்சரிக்கை வரைபடத்தில் உங்கள் பகுதி ஆரஞ்சு அல்லது சிவப்பு ஆனால் அன்றைய ஊர்சுற்றலைத் தள்ளிப் போடுங்கள்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். நம்மூரில் 12 மணிக்கு உச்சி வெயில். பாரிஸில் கோடையில் சூரியன் உச்சிக்கு வருவதே கிட்டத்தட்ட 2 மணிக்கு. சூடு உச்சத்தைத் தொடுவது மாலை 4 முதல் 6 வரை. "நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. காலை 9 மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் திரும்புங்கள், மறுபடி 7 மணிக்கு மேல் இறங்குங்கள். ஜூலைத் தொடக்கத்தில் 10 மணி வரை வெளிச்சம் இருக்கும்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். ஒரு இடிமழையோடு வெப்பம் முறிந்தால் மறுநாள் 10 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். ஆம்ஸ்டர்டாமில் ஜூலையிலும் 18 டிகிரி, தூறல், கடல் காற்று என்று ஒரு நாள் அமையலாம். அந்தக் காற்றில் குடை மடங்கிக்கொள்ளும், தலைமூடி வைத்த மழைக்கோட்டுதான் சரி. பூயன்ராடார் செயலியில் அடுத்த இரண்டு மணி நேர மழை தெரியும்.

ஸ்விட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைமேல் ரயிலில் ஏறிப் போகும் பனி இடமான யுங்ஃப்ராயோக்குக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். அது 3,454 மீட்டர் உயரம். சூரிச்சில் 30 டிகிரி இருக்கும் நாளிலும் அங்கே பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கலாம். சேலைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் போதாது. காற்றுப் புகாத ஜாக்கெட், சாக்ஸ், பிடிமானமுள்ள மூடிய ஷூ, கூலிங் கிளாஸ் வேண்டும், செருப்பு கூடவே கூடாது. டிக்கெட் விலை அதிகம், ஆகவே காலையில் நேரலைக் கேமராவில் மேகம் இல்லையா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மதியத்துக்கு மேல் ஆல்ப்ஸில் இடிமழை சகஜம், காலை ரயிலே நல்லது. மற்ற நாட்களுக்குப் பருத்தித் துணியும் மாலைக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் போதும்.

கிளம்பும் முன் அப்பாவின் பிரஷர் மாத்திரையை ஊரில் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நீர் பிரியச் செய்யும் வகை என்றால் கடும் வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். கழிப்பறை தேட வேண்டுமே என்று அம்மாக்கள் தண்ணீர் குடிக்காமலே நடப்பார்கள், அதை விடாதீர்கள். பாரிஸில் தெருக் குழாய்களில் குடிநீர் இலவசம். தலைசுற்றல், பேச்சுக் குழறல், உடம்பு கொதித்தும் வியர்க்காமல் இருப்பது, இதில் எது தெரிந்தாலும் யோசிக்காமல் அவசர எண்ணை அழையுங்கள்: பிரான்ஸில் 15, இந்த மூன்று நாடுகளிலும் 112.