விசைப்படகு அலாரத்தில் ஜீனர் திரும்பத் திரும்ப ஷார்ட் ஆகிறது

பாம்பன் கடை:
படகின் அடியில் தண்ணீர் ஏறினால் கத்தும் அலாரம். 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 47 ஓம், 2 வாட் ரெசிஸ்டர், 1என்4733ஏ ஜீனர் (வோல்ட்டை 5.1-இல் பிடித்து நிறுத்தும் டயோடு) வழியாக 5 வோல்ட் எடுக்கிறேன். கடை மேஜையில் அருமையாக ஓடுகிறது. படகில் மாட்டினால் இரண்டே நாளில் ஜீனர் போய்விடுகிறது, ரெசிஸ்டரும் கறுத்துவிடுகிறது. இது மூன்றாவது ஜீனர். பஸ்ஸர் கத்தினாலே 40 மில்லிஆம்ப்தான் இழுக்கும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 படகு இறங்கணும், யாராவது சொல்லுங்கள்.

கீழக்கரை:
தம்பி, கழற்றிய ஜீனரை மீட்டரில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தீர்களா? இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு வருகிறது? அலாரம் கத்தாமல் சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது?

பாம்பன் கடை:
இரண்டு பக்கமும் பீப் அடிக்கிறது காக்கா. இன்ஜின் ஓடினால் 14.4. சும்மா இருந்தால் 4 மில்லிஆம்ப்.

கீழக்கரை:
அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் ஜீனரைக் கொல்கிறது. 14.4-இல் 5.1 போக 9.3 வோல்ட். அதை 47-ஆல் வகுத்தால் 198 மில்லிஆம்ப். அலாரம் எடுக்காத 194-ஐயும் ஜீனரே விழுங்கணும், கிட்டத்தட்ட 1 வாட். அதன் உச்சமே 1 வாட், இன்ஜின் ரூம் சூட்டில் அதுவும் தாங்காது. ஷார்ட் ஆனதும் 14.4 முழுக்க ரெசிஸ்டர் தலையில் விழுகிறது, 4 வாட்டுக்கு மேல். கறுக்காமல் என்ன செய்யும்?

120 ஓம், 2 வாட் போடுங்கள். லோடே இல்லாவிட்டாலும் ஜீனருக்கு 78 மில்லிஆம்ப், 0.4 வாட்தான். பேட்டரி 11.5-க்கு இறங்கினாலும் 53 வரும், பஸ்ஸருக்கு 40 போக ஜீனருக்கு 13 மிஞ்சும். பின்னால் லோடு கூடினால் ஜீனரை விட்டுவிட்டு 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) போடுங்கள்.

தொண்டி:
ஜீனரைப் போர்டில் ஒட்ட வைக்காமல் கொஞ்சம் தூக்கி சால்டர் வையுங்கள் தம்பி, சூடு வெளியேறணும். வேலை முடிந்ததும் போர்டைக் கழுவிக் காயவைத்து வார்னிஷ் அடியுங்கள். நம்ம உப்புக் காற்றில் ஜீனர், ரெசிஸ்டர் கம்பிக் காலில் பச்சை பூத்துவிடும்.

பாம்பன் கடை:
120 போட்டு இரண்டு மணி நேரம் இன்ஜினை ஓட்டினோம். 5.1 அசையாமல் நிற்கிறது. நிறுத்திவிட்டுப் பஸ்ஸரைக் கத்த விட்டால் 4.9. ஜீனர் மேல் விரல் வைக்க முடிகிறது, முன்பு தொட்டாலே சுடும். ரொம்ப நன்றி காக்கா. வார்னிஷ் நாளை அடித்துவிடுகிறேன் அண்ணே.